ஈஸ்வரி பெயரில் இரண்டு விரல்

கம்ப்யூட்டருக்குப் பூட்டு விற்கிறவனுக்கு ஊரில் இரண்டே மரியாதைதான்: எதுவும் களவு போகாதவரை அவன் தண்டச்சோறு, களவு போன அன்றைக்கு அவன் கூட்டுக் களவாணி.

போடி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் என் கடை இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். நான் விற்பதெல்லாம் கையில் பிடித்துப் பார்க்கிற சாமான். விரல் வைத்தால் திறக்கிற சாவி, டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற டோக்கன், பென் டிரைவ் செருகுகிற ஓட்டையை அடைக்கிற பூட்டு, இந்த மாதிரி. "பாஸ்வேர்டை எவனும் எங்கே உட்கார்ந்தும் திருடலாம். இந்தச் சாவியைத் திருட வேண்டுமென்றால் அவன் பஸ் ஏறி போடிக்கு வந்தாக வேண்டும்" என்பது நான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிற வசனம். வசனத்தில் பொய் இல்லை. திருடன் ஏற்கெனவே போடியில் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

அடுத்தவர் மேஜைக்கு அடியில் குனிந்து, ஒட்டடையும் எலிப்புழுக்கையும் முகத்தில் அப்ப, எந்த ஒயர் எங்கே போகிறது என்று தேடி முதுகைத் தொலைத்த என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான். இனி வருவது எல்லாமே ஒரே ஏலக்காய்க் கடையில், ஒரே பருவத்தில் நடந்தவை. அந்தக் கடையில் ஈஸ்வரி என்ற பெண்ணின் வேலையும் பேரும் என் சாமானை நம்பி நின்றன. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வாங்க வந்தவர் யார்

முதலில் என் கடைக்கு வந்தது முதலாளி இல்லை, ஈஸ்வரிதான். அந்தக் கடையில் காய் தரம் பிரிக்கிற பெண்களில் ஒருத்தியாகச் சேர்ந்து, வேலை முடிந்து கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்து, ஆபீசுக்குள் நாற்காலி பிடித்தவர். வடநாட்டில் எந்த வியாபாரிக்கு எந்த அளவுக் காய் வேண்டும், என்ன விலைக்கு ஒத்துக்கொள்வார் என்று அந்தக் கடையில் ஒரு பட்டியல் உண்டு. கடையின் உயிரே அதுதான்; ஆபீஸ் மெயிலுக்குள் கிடக்கும். அந்தப் பட்டியல் இரண்டு தடவை எதிர்க்கடைக்குப் போய்விட்டது. மெயிலைத் திறக்கிறவர் ஈஸ்வரி ஒருத்திதான் என்பதால், முதலாளி அவரிடம் நேரே பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே ஈஸ்வரி உட்கார்ந்திருக்கும்போதே, "அந்தக் கம்ப்யூட்டர்காரப் பிள்ளைகிட்டச் சொல்லு" என்று மூட்டை தூக்குகிறவரிடம் சொல்லியனுப்புவாராம்.

போடி ஏலக்காய் பஜாரில் பாதிக்கடை மாமன் கடை, மீதிக்கடை மச்சான் கடை. ஒரு கடையில் களவாணி என்று பேர் வாங்கிவிட்டால் அடுத்த கடையில் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். அது ஈஸ்வரிக்குத் தெரியும். என் வசனத்தை எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னையக் காப்பாத்துற மாதிரி எதுவும் வேணாம்ணே. யாரு தொறந்தாலும் அவுக பேரு விழுற மாதிரி ஒண்ணு மாட்டுங்க. நான்னா நான்னே விழட்டும்."

ஜீப்புச் சாவி

நான் போய் முதலாளியிடம் பேசினேன். தொட்டால் வேலை செய்கிற சாதாரணச் சாவி இரண்டு வாங்கினார். ஒன்று அவருக்கு, ஒன்று ஈஸ்வரிக்கு. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகித் தொட்டால்தான் மெயில் திறக்கும். பாஸ்வேர்டு தெரிந்தவன்கூட அது இல்லாமல் உள்ளே போக முடியாது. எந்தச் சாவி எப்போது திறந்தது என்று அவரவர் பேரோடு பதிவாகும். எழுந்து போகும்போது உருவிக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் முதலாளி தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்துப் போனால், முதலாளியின் சாவி கம்ப்யூட்டரிலேயே தொங்குகிறது. அவர் தெருமுனை டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஈஸ்வரி மட்டும் தன்னுடையதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். அதற்காகவே அவரிடம் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் இந்த மனிதர் கடை முதலாளி ஆவதற்கு முன்னால் பல வருடம் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். அந்தப் பாதையில் ஒரு ஜீப் நின்றால் இன்னொன்று ஒதுங்க இடம் கிடையாது. "மலையில சாவிய எடுத்துட்டு எறங்குறவன் மனுசனே இல்ல தம்பி," என்றார். "பின்னாடி லோடு ஏத்திட்டு வர்றவன் வண்டிய நகட்டிப் போட்டுட்டுப் போக வேணாமா?"

மேலே உள்ள ஸ்டோர்

இந்தக் கடைக்குப் போடிமெட்டைத் தாண்டி ஒரு ஸ்டோர் உண்டு. பறித்த காயைக் காயவைத்து மூட்டை போடுகிற இடம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் முதலாளியின் தங்கை புருசன். கடையில் எல்லோரும் அவரை "மாப்பிள்ளை" என்றே சொல்வார்கள். வெள்ளைச் சட்டை கசங்காமல் மலை ஏறி இறங்குகிற ஒரே மனிதர். அங்கே உள்ள கம்ப்யூட்டரில் எவனாவது பென் டிரைவ் போட்டுப் பட்டியலை எடுக்கிறானோ என்று முதலாளிக்குச் சந்தேகம். ஓட்டைகளை எல்லாம் அடைத்துப் பூட்டுகிற சாமானைக் கொண்டுபோய் மாட்டினேன். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் போனபோது நாலு பூட்டில் மூன்றை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்திருந்தார்கள். ஓட்டைக்கு ஒன்றாக மூன்று செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மழை என்றால் அங்கே நாள்கணக்கில் மின்சாரம் இருக்காது. அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் பெரிய பேட்டரி. நெம்பினது யார் என்று கேட்டேன். ஸ்டோரில் காய் உலர்த்துகிற அடுப்பைப் பார்க்கிற பாண்டி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து இருந்து பேச்சே பாதி மலையாளமாகிப் போனவர், ஒளிக்காமல் சொன்னார்: "நான்தான் சாரே. எம் மகளுக்கு இது மாசம். போனு செத்துக் கிடந்தா எனக்கு யாரு சொல்லுவா? வெறுதே பூட்டு போடாதீங்க சாரே."

நான் நாலாவது பூட்டையும் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கரைந்து போன ரேகை

பட்டியல் மூன்றாவது தடவை போனால் ஈஸ்வரியை அனுப்பிவிடுவது என்று முதலாளி வாய்விட்டே சொல்லிவிட்டார். தொடுகிற சாவியை யாரும் தொடலாம், விரல்ரேகை பார்க்கிற சாவி என்றால் உரிய ஆளுக்குத்தான் திறக்கும் என்று நான் சொன்னேன். இந்த யோசனை என்னுடையது. ஈஸ்வரிக்குப் பழையதற்குப் பதிலாக அந்தச் சாவியை வாங்கினார்கள். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு தெளிச்சி பார்த்தேன். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஒத்துவரவில்லை. எட்டு வருடம் காய்ந்த ஏலக்காயைத் தட்டில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் காம்பு கிள்ளின விரல்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் ரேகை என்று ஏதோ தெரியும். கடைசியில் இடது சுண்டுவிரல் ஏழெட்டுத் தடவைக்கு ஒரு தடவை ஒத்துக்கொண்டது; அதைப் பதிந்தேன். மற்ற நேரத்தில் ஒரு ரகசிய எண்ணைப் போட்டுத் திறந்துகொள்ளலாம். வாசல் பக்கம் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு இதை வேடிக்கை பார்த்தார்கள். அதில் மூத்தவரான பேச்சியம்மா தட்டைச் சலித்துக்கொண்டே சொன்னார்: "எங்க ரேகையெல்லாம் காயோட சேத்து மூட்டை கட்டி வடக்க அனுப்பிச்சாச்சு தம்பி. இனி எங்கிட்டுப் போயித் தேடுவீக?"

சொல்லாத எண்

ஈஸ்வரி நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார். என் வாழ்க்கையில் அப்படிச் செய்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். எண்ணை எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அழுத்தும்போது இடது கையால் மறைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி ஒருநாள் வழக்கத்தை விட்டு நேரே கேட்டபோது, "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அந்த அண்ணன் சொல்லியிருக்காக முதலாளி" என்றிருக்கிறார்.

மற்ற ஆபீசுகளில் அந்த எண்ணைக் காலண்டர் அட்டையில் எழுதி மாட்டியிருப்பார்கள். ஒரு மருந்துக்கடையில் கம்ப்யூட்டர் திரையிலேயே நெயில் பாலிஷால் எழுதி வைத்திருந்தார்கள். அதற்கெல்லாம் தலையில் அடித்துக்கொண்ட நான், இங்கே ஒருத்தராவது ஒழுங்காக இருக்கிறாரே என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். குரலை இறக்கிக்கொண்டு, உள்ளபடியே கவலைப்பட்டுச் சொன்னார்: "எங்கிட்டயே மறைக்கிதுன்னா அந்தப் பிள்ளைகிட்ட என்னமோ இருக்கு தம்பி. மடியில கனமில்லாதவுக எதுக்குக் கைய வச்சு மறைக்கணும்?"

இரண்டாவது விரல்

இதுவரைக்கும் நடந்ததில் எனக்குப் பங்கு கொஞ்சம். இனிமேல் நடந்ததில் பெரும்பங்கு.

முதலாளி நான் போட்ட சத்தத்தில் தன் சாவியை ஜீப்புச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். காலையில் ஏலத்துக்குப் போனால் மாலையில்தான் வருவார். ஈஸ்வரி மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவார். அந்த ஒரு மணி நேரத்தில் வியாபாரி யாராவது மெயில் போட்டால் பார்க்க ஆள் இல்லை. மாப்பிள்ளை இப்போதெல்லாம் பாதிநாள் கீழேயே இருக்கிறார், அவர் திறக்க வழி பண்ணுங்கள் என்றார் முதலாளி. "அவருக்கு ஒரு சாவி வாங்கிக்கங்க. அவர் பேரிலேயே போட்டுத் தர்றேன்" என்றேன். முதலாளி பதறிப்போனார். "மாப்பிள்ளைக்குத் தனியா பேரு போட்டு, அவரு எப்ப தொறந்தாரு எப்ப மூடுனாருன்னு எழுதுற மிசினக் குடுக்குறதா? என்ன தம்பி நீங்க. அது அவர வேவு பாக்குற மாதிரி ஆயிரும். எந்தங்கச்சி வீட்டு வாசல நான் மிதிக்க முடியாது" என்றார். ஈஸ்வரியின் சாவியிலேயே அவர் விரலையும் பதிந்துவிடச் சொன்னார்.

அந்தச் சாவியில் ஐந்து விரல் பதியலாம். ஒரே ஆளின் ஐந்து விரல் என்பது கணக்கு. ஆனால் அது யார் விரல் என்று சாவிக்கு என்ன தெரியும்? எது பட்டாலும் "ஈஸ்வரி" என்றுதான் வெளியே சொல்லும். எனக்கு இது தெரியும். ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். அந்த டீயை வாங்கிக்கொடுத்ததும் முதலாளிதான். அவருடைய சொந்தக்காரர் கடைகள் ஆறில் எனக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. ஈஸ்வரியை எண்ணைப் போடச் சொல்லிச் சாவியை வாங்கினேன். மாப்பிள்ளை கட்டைவிரலை நீட்டினார். நல்ல கொழுத்த ரேகை, முதல் தடவையிலேயே பதிந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் போகும்போது சாவியைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஈஸ்வரிக்கு உத்தரவாகிவிட்டது. அவர் எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் மட்டும் கேட்டார்: "அப்ப இனிமே யாரு தொறந்தாலும் நான்தானாண்ணே?"

சந்தனம்

நடுவில் ஆயுத பூஜை வந்தது. மறுநாள் காலையில் கடையிலிருந்து போன் மேல் போன். சாவி செத்துப்போச்சு, எவர் விரலுக்கும் திறக்கவில்லை, எண்ணைப் போட்டுத் தொட்டாலும் அசையவில்லை, வெரசா வாங்க என்று. போய்ப் பார்த்தால், தராசு, கல்லாப்பெட்டி, ஜீப்பு, தையல் மிசின் எல்லாவற்றுக்கும் வைத்தது போல அந்த நகம் அளவுச் சாவிக்கும் பாசமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். சரியாக விரல் வைக்கிற இடத்தில்.

பஞ்சை நனைத்துத் துடைக்கப் போனேன். பூஜைப் பொட்டை மூன்று நாளைக்கு அழிக்கக் கூடாது என்று முதலாளி தடுத்தார். அரை மணி நேரம் வாதாடி, குங்குமத்தை மட்டும் பக்கவாட்டுக்கு நகர்த்தி வைக்கலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தோம். நான் ஊசி முனையால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, முதலாளி என்னையும் சாவியையும் ஒருசேர வெறுப்பாகப் பார்த்துச் சொன்னார்: "பொட்டு வச்சா ஓடாதுன்னா அது என்ன தம்பி மிசினு? தராசுக்கு வச்சோம், ஜீப்புக்கு வச்சோம், அதெல்லாம் என்ன மொரண்டா பண்ணுது?"

ஒரு மணி நாற்பது

பூஜை முடிந்து பத்து நாளில் பட்டியல் மூன்றாவது தடவையாகப் போய்விட்டது. இந்தத் தடவை பார்ப்பதற்கு மிசின் இருந்ததே! என்னைக் கூப்பிட்டார்கள். திறந்தது எப்போது, எந்தச் சாவியால் என்று எடுத்துப் பார்த்தேன். மதியம் ஒரு மணி நாற்பது. பட்டியல் வெளி ஆள் ஒருவரின் மெயிலுக்குப் போயிருந்தது. சாவி, ஈஸ்வரியுடையது.

அந்த நேரத்தில் ஈஸ்வரி தெருவுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பார் என்பது கடையில் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். நான் முதலாளியை எடை போடுகிற அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, பிசிறில்லாமல் சொன்னேன். அந்தச் சாவியில் இரண்டு பேர் விரல் இருக்கிறது. ஒன்று ஈஸ்வரியுடையது, அதுவும் முக்கால்வாசி நேரம் ஒத்துக்கொள்ளாது. இன்னொன்று யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். எந்த விரல் என்று மிசினில் பதிவாகாது, ஆனால் அந்த நேரத்தில் கடையில் இருந்தது யார் என்று நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் சொன்னது அவருக்குப் புதிதில்லை என்று அவர் உட்கார்ந்த தினுசிலேயே எனக்குப் புரிந்துபோயிற்று. பட்டியல் முதல் தடவை போனபோதே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சாக்கு நூலைப் பிய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "விரலப் பத்தி எங்கயும் பேச வேணாம் தம்பி. மிசின்ல என்ன பேரு விழுந்துச்சோ அத மட்டும் உங்க கடை லெட்டர்ல எழுதிக் குடுங்க. வேலைக்கு ஆள மாத்தலாம், தங்கச்சி புருசன மாத்த முடியுமா?"

நான் எழுதிய கடிதம்

எழுதிக் கொடுத்தேன். ஆபீசுக்கு வந்து, எல்லோர் கண் முன்னாலும், நின்றவாக்கில், பையிலிருந்து என் கடைப் பேர் அச்சடித்த தாளை எடுத்து எழுதினேன். இன்ன தேதி, இன்ன நேரம், ஈஸ்வரி என்பவர் பெயரில் பதிவான சாவியால் மெயில் திறக்கப்பட்டுள்ளது. கீழே கையெழுத்து, முத்திரை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அயோக்கியத்தனமே அதில்தான் இருக்கிறது. பொய் எழுதியிருந்தால் என்றைக்காவது யாராவது கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு.

ஈஸ்வரியைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்தார்கள். தரம் பிரிக்கிற பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் முழுசாகப் படித்தார். முத்திரையைக்கூடப் படித்தார். அழுவார், கத்துவார், இரண்டு விரல் கதையைச் சபையில் போட்டு உடைப்பார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். இல்லை, பயந்தேன் என்று சொல்வதுகூட ஏமாற்று, அவர் உடைக்க வேண்டும், நான் "ஆமாம்" என்று தலையை ஆட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, தன் கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். அவர் படி இறங்கின பிறகு மாப்பிள்ளை என் தோளில் கை போட்டார். "நல்ல மிசினு தம்பி," என்றார். "மேல ஸ்டோருக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுருவோம்."

ஜீப்பு கிளம்பும் இடம்

அதற்குப் பிறகு பஜாரில் எந்தக் கடையிலும் ஈஸ்வரிக்கு வேலை கிடைக்கவில்லை. அவர் கேட்டுப் போகும் முன்பே என் கடிதத்தின் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். நேற்று வரை "கம்ப்யூட்டர்காரப் பிள்ளை" என்றவர்கள் இப்போது வேறு மாதிரிச் சொன்னார்கள். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

ஒரு காலையில் குரங்கணி வரைக்கும் ஒரு வேலையாகப் போக வேண்டியிருந்தது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் நிற்கிற இடத்தில் என் வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. போடிமெட்டு ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு ஈஸ்வரி. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, தலையில் துண்டு கட்டி, காய் பறிக்கப் போகிற கோலம். என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்றார்.

சிலமலையில் ஒரு உரக்கடைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டுமாம். பஜாரோடு ஒட்டு உறவு இல்லாத மனிதர், எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பழைய இடத்தில் என்ன நடந்தது என்று மட்டும் எழுத்தில் கேட்கிறாராம். "ரெண்டு விரலு பதிஞ்சிருந்துச்சு, யாரு தொறந்தாலும் ஒரே பேருதான் விழும். இத மட்டும் உங்க கடைத் தாளுல எழுதிக் குடுங்கண்ணே. யாரு விரலுன்னுகூடப் போட வேணாம். திங்கக்கிழமை கேட்டிருக்காக" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். நாலு வரி. தாளும் முத்திரையும் அப்போதும் என் பையில்தான் இருந்தன. என் கைதான் பைப் பக்கம் போகவில்லை. அந்தத் தாள் சிலமலையில் இருந்து போடிக்கு வர எத்தனை நாள் ஆகும், அந்த ஆறு கடைகளும் என்னை எப்போது கூப்பிடாமல் நிறுத்தும் என்று மண்டைக்குள் ஓடியது. "பாத்துச் செய்வோம்மா. கொஞ்சம் யோசிச்சு எழுதணும், வார்த்தை மாறிறக் கூடாதுல்ல" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜீப்புக்காரர் ஆரன் அடித்தார். ஈஸ்வரி போய், ஏற்கெனவே இடமில்லாத ஜீப்பில் ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டே சொன்னார்: "யோசிக்கிற சோலின்னா விட்டுருங்கண்ணே. முதலாளி கேட்டப்ப நின்னவாக்குல எழுதிக் குடுத்தீங்களா, அதான் எனக்கும் கேட்டுப் பாத்தேன்."

அந்தக் கடையில் நான் மாட்டிக்கொடுத்த சாமானில் ஒன்றுகூட, பழுது என்று இன்றுவரை திரும்பி வந்ததில்லை.